எலியின் பித்தமும் அப்பாவின் மாத்திரையும்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புரோஸ்டேட் வீக்கத்துக்காக மூன்று வருடமாக இரவில் டாம்சுலோசின் 0.4 மி.கி. சாப்பிடுகிறார். டிசம்பரில் வேறொரு டாக்டர் பிரஷருக்கு பிராசோசின் 2.5 மி.கி. எழுதிக்கொடுத்தார். பொங்கல் முடிந்த கையோடு நெஞ்சுச்சளி வந்து ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். சீட்டில் அமாக்சிசிலின், கிளாவுலானிக் அமிலம் என்று இருக்கிறது. மூன்று வாரமாக உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரியில் தூக்கமே இல்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, கண்ணிலும் லேசாக மஞ்சள் தெரிகிறது. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் 1.9, எஸ்.ஜி.பி.டி. 62, ஆல்கலைன் பாஸ்படேஸ் 318, ஜி.ஜி.டி. 210.

கோவையில் இருக்கும் அண்ணன் ஓர் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, "ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் பித்த ஓட்டத்தை நிறுத்துகின்றனவாம், இரண்டு மாத்திரையையும் உடனே நிறுத்து" என்றான். நிறுத்தினோம். மூன்றாம் நாள் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து அப்பா துடித்துப்போனார். பயந்து அன்றிரவே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம். விடியற்காலை எழுந்து போனவர் பாத்ரூம் வாசலில் சரிந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. டிசம்பரிலிருந்தே காலையில் தலை சுற்றுகிறது என்பார். அம்மா "எல்லாம் பித்தம்" என்று இஞ்சிச் சாறும், மோரில் கீழாநெல்லியும் கொடுக்கிறார். மாத்திரைதான் பித்தத்தை அடைத்ததா? நிறுத்தலாமா? கீழாநெல்லி தொடரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆராய்ச்சிக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் இந்த வாரமே நடக்க வேண்டிய வேலைகள் இரண்டு இருக்கின்றன.

அப்பாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு போகச் சொல்லுங்கள், அப்போதுதான் பித்தப்பை சுருங்காமல் தெளிவாகத் தெரியும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி, பக்கத்தில் ஸ்கேன் வசதி உள்ள வேறு இடம் என்றாலும் சரி. அடுத்த வேலை, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஒரே டாக்டரின் மேசையில் கொட்டுவது. பிரஷர் மாத்திரை எழுதியவருக்கு டாம்சுலோசின் விஷயம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கு நடுவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அது அடைபட்ட பித்த நாளத்தில் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய் அது. மலை ஊரில் ராத்திரி வண்டி கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதனால் பகலிலேயே யாரிடமாவது வண்டிக்குச் சொல்லி வையுங்கள்.

இப்போது அண்ணன் விஷயம். அவர் படித்தது பொய் இல்லை. நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் பார்த்தேன், 2004-இல் வந்த ஆய்வு. நல்ல ஆய்வும்கூட. ஆனால் அதில் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. அதில் பெரும்பங்கு ஈரல் செல்களிலிருந்தே வருகிறது. மீதியை, பித்தம் ஓடிவரும் சின்னச் சின்னக் குழாய்களின் உட்சுவர் சேர்க்கிறது. சாப்பிட்ட பிறகு சிறுகுடலிலிருந்து செக்ரிட்டின் என்ற ஹார்மோன் கிளம்பும். அது சொன்னால் குழாய்ச் சுவர் காரத்தன்மையுள்ள தண்ணீரை விட்டுப் பித்தத்தை நீர்க்கச் செய்யும். எலியில் இந்தக் குழாய்ப் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மனிதரில் அதைவிட நன்றாகவே அதிகம். இன்னொன்று, எலிக்குப் பித்தப்பையே கிடையாது. பித்தத்தைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதியைப் பித்தப்பை இல்லாத ஒரு பிராணியிடமிருந்து கற்றிருக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அந்த ஆய்வில் எலியின் பித்த நாளத்தை நூலால் கட்டிவிட்டார்கள். கட்டினால் சில நாளில் உள்ளே இருக்கும் குட்டிக் குழாய்கள் பெருகிப் புதர்போல ஆகும். அந்த நிலையில் செக்ரிட்டினையும், கூடவே ஃபினைல்எஃப்ரின் என்ற ஆல்ஃபா-தூண்டி மருந்தையும் ஏற்றினார்கள். பித்த ஓட்டம் கூடியது. செக்ரிட்டின் இல்லாமல் ஃபினைல்எஃப்ரினை மட்டும் கொடுத்தால் மாற்றமில்லை. ஆல்ஃபா ஏற்பியை, அதாவது நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் செல்லின் பூட்டை, அடைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தபோது அந்தத் தூண்டல் நின்றுபோனது. அந்தத் தடுப்பு மருந்து ஆய்வகத்துக்கே உரியது, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. உங்கள் அண்ணன் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்: தடுத்தால் ஓட்டம் நிற்கிறது. உண்மையில் நின்றது, நாளம் கட்டப்பட்ட எலியில், செயற்கையாக ஏற்றிய தூண்டலால் வந்த கூடுதல் ஓட்டம் மட்டும்தான்.

இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்ட ஆய்வுகளும் உண்டு. எலியின் ஈரலை வெளியே எடுத்து, அதற்குள் திரவத்தை ஓடவிட்டு, ஈரலுக்குப் போகும் பரிவு நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். நாம் பயந்தால், குளிரில் நடுங்கினால் வேலை செய்யும் நரம்பு அது. அங்கே பித்த ஓட்டம் குறைந்தது. ஆல்ஃபா தடுப்பைக் கொடுத்ததும் அந்தக் குறைவு மறைந்தது. ஆக ஓர் ஆய்வகத்தில் ஆல்ஃபா தடுப்பு வில்லன், இன்னொன்றில் கதாநாயகன். இரண்டும் சரியான ஆய்வுகள்தான். எந்த ஈரல், எந்த நிலை, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அண்ணன் கண்ணில் முதலில் இரண்டாவது ஆய்வு பட்டிருந்தால், "அப்பாவுக்கு இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடு" என்று போன் செய்திருப்பாரோ என்னவோ.

எலிக்கும் நமக்கும் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஆல்ஃபா-1 ஏற்பியில் ஏ, பி, டி என்று மூன்று வகை உண்டு. எலியின் ஈரலில் மிகுதியாக இருப்பது பி வகை, மனித ஈரலில் ஏ வகை. புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் இருப்பது பெரும்பாலும் ஏ வகைதான், டாம்சுலோசின் குறிவைப்பதும் அதைத்தான். அதனால் இந்த மாத்திரை மனித ஈரலைத் தொடவே தொடாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பிராசோசின் 1970-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. டாம்சுலோசினுக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க வயதான ஆண்கள் ராத்திரி தூங்கப் போகும் முன் போட்டுக்கொள்ளும் மாத்திரை இது. சாதாரண அளவில் இது பித்தத்தை நிறுத்துமென்றால், எங்கள் புற நோயாளிகள் வரிசையில் பாதிப் பேர் மஞ்சள் கண்ணோடு நின்றிருப்பார்கள்.

ஈரலுக்குக் கெடுதலே வராதா என்றால், அரிதாக வரும். இந்தக் குடும்பத்தில் அல்ஃபுசோசின் என்ற மருந்தின் குறிப்பேட்டில், பித்தத் தேக்கத்தோடு கூடிய ஈரல் பாதிப்பு வந்து மருந்தை நிறுத்த நேர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதற்குக் காரணம் ஆல்ஃபா ஏற்பி அடைபட்டதாக இருக்க வேண்டியதில்லை. எந்த மருந்தும் யாரோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அப்படி வரும் வகைதான் இதுவும். ஆல்ஃபாவையும் தடுக்கும் மனநோய் மருந்தான குளோர்ப்ரோமசின் பித்தத் தேக்கத்துக்குப் பேர்போனது. அங்கேயும் குற்றவாளி ஆல்ஃபா இல்லை. மருந்தும் அதன் சிதைவுப் பொருட்களும் நேராகவே ஈரல் செல்லின் பித்த வாசலைக் கெடுக்கின்றன. இந்தக் குழப்பம் டாக்டர்களுக்கே வருவதுண்டு.

சரி, அண்ணன் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். மாத்திரை பித்தத்தை அடைக்குமா என்று அவர் கேட்டார். பித்தம் அடைபட்டால் மாத்திரை என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் நடந்ததற்கு இந்த இரண்டாவது கேள்விதான் பொருந்துகிறது.

ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் எல்லாமே ஈரலில்தான் உடைகின்றன. உடைந்த பிறகு வெளியேறும் வழிதான் மருந்துக்கு மருந்து மாறும். டாம்சுலோசினில் ஏறத்தாழ 76 விழுக்காடு சிறுநீரிலும் 21 விழுக்காடு மலத்திலும் போகிறது. அதே குடும்பத்து டாக்ஸாசோசின் நேர்மாறு: 63 விழுக்காடு மலத்தில், வெறும் 9 விழுக்காடு சிறுநீரில். பிராசோசின் பெரும்பாலும் பித்தத்தின் வழியாகக் குடலுக்கு வந்து மலத்தில் போகும் மருந்து. அதாவது பித்தம்தான் அதற்குச் சாக்கடை. சாக்கடை மெதுவானால் தண்ணீர் தேங்கும். ஈரல் தளர்ந்த நேரத்தில் இந்த மருந்துகள் ரத்தத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவும் அதிக நேரமும் நிற்கக்கூடும். அதனால்தான் மிதமான ஈரல் பாதிப்பிலிருந்தே அல்ஃபுசோசின் கூடாது என்கிறார்கள், கடுமையான பாதிப்பில் அதே குடும்பத்து சைலோடோசின் வேண்டாம் என்கிறார்கள். டாம்சுலோசினுக்கு, ஈரல் பாதிப்பு மிதமாக இருக்கும்வரை அளவை மாற்ற வேண்டியதில்லை.

இனி, நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பாத்ரூம் வாசல்.

டிசம்பரிலிருந்து காலையில் தலை சுற்றுகிறது என்கிறீர்கள். பிராசோசின் தொடங்கியது டிசம்பரில். அம்மா அதைப் பித்தம் என்கிறார். நம் ஊரில் தலை சுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம், இளநரை வந்தாலும் பித்தம். சித்த வைத்தியத்தில் பித்தம் என்ற சொல்லுக்கு இருக்கும் விரிந்த பொருள் வேறு, ஈரல் சுரக்கும் பச்சை மஞ்சள் நீர் வேறு. உங்கள் அப்பாவுக்கு இரண்டு பித்தமும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால், வீட்டில் எல்லோரும் ஒன்றை வைத்து மற்றதை விளக்கிவிட்டீர்கள். அந்தத் தலைசுற்றலுக்குக் காரணம், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாத்திரைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. டாம்சுலோசின், பிராசோசின் இரண்டுமே ஆல்ஃபா-1 தடுப்பு மருந்துகள். ஒன்றை மூத்திரத்துக்கு என்றும் இன்னொன்றைப் பிரஷருக்கு என்றும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். ரத்தக் குழாய்க்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. படுக்கையிலிருந்து எழும்போது கால் பக்கத்து ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தத்தை மேலே அனுப்ப வேண்டும். அப்படிச் சுருங்கச் சொல்லும் கட்டளை ஆல்ஃபா ஏற்பி வழியாகத்தான் போகிறது. இரண்டு மாத்திரை சேர்ந்து அதை அடைத்தால், எழுந்து நின்றதும் மூளைக்கு ரத்தம் குறையும். ஆள் சரிவார்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பிராசோசினில் முதல் மாத்திரை மயக்கம் என்று ஒன்று உண்டு. முதன்முதலாகப் போடும்போது சிலருக்கு பிரஷர் சட்டென்று இறங்கும். அதனால்தான் குறைந்த அளவில், படுக்கப் போகும்போது தொடங்கச் சொல்வோம். சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் உடம்புக்கு அது திரும்பவும் முதல் மாத்திரைதான். நீங்கள் மூன்று நாள் நிறுத்திவிட்டு இரண்டையும் ஒரே ராத்திரியில் கொடுத்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. இரண்டு சீட்டு எழுதிய இரண்டு பேரில் ஒருவராவது "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே டாம்சுலோசினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது நின்றால் என்ன ஆகும் என்று மூன்றாம் நாளே பார்த்துவிட்டீர்கள். சிறுநீர் முழுசாகக் கட்டிக்கொண்டால் ராத்திரியில் குழாய் போட ஓட வேண்டியிருக்கும். பிராசோசினைப் பற்றி நாளைக்கே அதை எழுதிய டாக்டரைக் கேளுங்கள். என் கருத்து, இவருக்கு ஆல்ஃபா தடுப்பு ஒன்று போதும், பிரஷருக்கு வேறு வகை மருந்து பார்க்கலாம். ஆனால் அப்பாவின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் நான் பார்க்கவில்லை, அதனால் முடிவு அவரைப் பார்க்கும் டாக்டருடையது. போகும்போது படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை.

பிராசோசினைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சின்ன ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டியவர்களுக்கு 1980-களில் இதே பிராசோசினைக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். தேள் விஷம் கிளப்பிவிடும் நரம்புப் புயலை ஆல்ஃபா தடுப்பு அடக்கும் என்பது அவர் பிடித்த நுனி. உலகமே பிறகு அதை எடுத்துக்கொண்டது. நல்ல மருந்துதான். உங்கள் அப்பாவின் சீட்டில் அது இரண்டாவது ஆளாக உட்கார்ந்ததுதான் தொந்தரவு.

அப்படியானால் பித்தம் ஏன் தேங்கியது? ரத்தப் பரிசோதனை ஒரு திசையைக் காட்டுகிறது. ஈரல் செல்கள் அழிந்தால் ஏறும் எஸ்.ஜி.பி.டி. 62 என்பது மேல் வரம்பைப்போல ஒன்றரை மடங்கு. பித்தம் தேங்கினால் ஏறும் ஆல்கலைன் பாஸ்படேஸ் 318 ஏறத்தாழ இரண்டரை மடங்கு. முதல் மடங்கை இரண்டாவதால் வகுத்தால் ஒன்றுக்கும் கீழே வருகிறது. இரண்டு அல்லது அதற்குக் கீழே வந்தால் ஈரல் செல்கள் அழிவதைவிடப் பித்தம் ஓடாததுதான் முக்கியப் பிரச்சினை என்று பொருள். புரோஸ்டேட் நோயுள்ள ஆணுக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறினால் நான் இன்னொன்றையும் நினைப்பேன். எலும்பிலிருந்தும் அது வரும், புரோஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவினாலும் ஏறும். இவருக்கு, எலும்பிலிருந்து வராத ஜி.ஜி.டி.யும் 210 இருப்பதால் இது ஈரலிலிருந்துதான் வருகிறது என்று நம்பலாம். ஆனாலும் புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், டாக்டரிடம் அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

67 வயதில் பித்தம் தேங்கினால், வேறு சான்று கிடைக்கும்வரை வழியில் அடைப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பித்தப்பையிலிருந்து நழுவிய கல்லாக இருக்கலாம், கணையத் தலையில் கட்டியாக இருக்கலாம், நாளத்திலேயே வளர்ந்ததாக இருக்கலாம். அதற்குத்தான் ஸ்கேன். நாளம் ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஆறுதல். வயதானவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பதைப் பெரிதாக எடுக்க மாட்டோம். நன்றாக வீங்கியிருந்தால், பித்த நாளத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் இ.ஆர்.சி.பி.க்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும்.

நாளம் வீங்கவில்லை என்றால் என் விரல் அந்தப் பொங்கல் சளி ஆன்டிபயாடிக் பக்கம் நீளும். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை உலகம் முழுக்க நல்ல பெயர் வாங்கிய மருந்து. மருந்தால் வரும் ஈரல் பாதிப்புகளின் பட்டியலில் பல நாடுகளில் முதலிடமும் அதற்குத்தான். அதன் குணம் விசித்திரமானது. சாப்பிடும்போது ஒன்றும் தெரியாது. முடித்து சில வாரம் கழித்து, சாப்பிட்டதே மறந்துபோன பிறகு, அரிப்பும் மஞ்சளும் வரும். வயதான ஆண்களுக்கு அதிகமாக வரும், பித்தத் தேக்கமாகவே வரும். ஜனவரியில் மாத்திரை, பிப்ரவரியில் அரிப்பு: கணக்கு சரியாகப் பொருந்துகிறது. மூன்று வருடமாகச் சும்மா இருந்த டாம்சுலோசின் திடீரென்று இப்போது பித்தத்தை அடைத்தது என்பதைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கிறது. பிராசோசின் புதிது என்பதால் அதைப் பட்டியலிலிருந்து அடிக்க மாட்டேன், ஆனால் கீழே வைப்பேன். ஆன்டிபயாடிக்தான் காரணம் என்றால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். இனி ஜென்மத்துக்கும் அந்த மருந்து அவருக்கு வேண்டாம்.

சளி பிடித்தபோது மருந்துக் கடையில் ஜலதோஷ மாத்திரையும் வாங்கியிருப்பீர்கள், மலையில் வாங்காதவர் யார்? அதன் அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். நம் நாட்டு ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. ஆம், அந்த எலிக்கு ஏற்றிய அதே ஆல்ஃபா-தூண்டிதான். மூக்கடைப்பைத் திறக்கவென்று சேர்ப்பது, ஆனால் சிறுநீர்ப்பைக் கழுத்தை இறுக்கக்கூடும். டாம்சுலோசின் திறக்கப் பார்க்கும் கதவை இது சாத்தப் பார்க்கும். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் உறைபனிக் காலத்தில் பெரியவர்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளும்போது, குளிரும் இந்த மாத்திரையும் அதற்குத் துணைபோவதுண்டு. குளிரே பரிவு நரம்பைத் தூண்டிக் கதவை இறுக்கும். மேலே இதையும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

அரிப்புக்கும் இதே எச்சரிக்கை. கடையில் கேட்டால் குளோர்பெனிரமின், ஃபெனிரமின் வகை மாத்திரை கொடுப்பார்கள். தூக்கம் வரும், அரிப்பு பெரிதாகக் குறையாது. பித்தத் தேக்க அரிப்பின் வழியே வேறு. ஆனால் சிறுநீர்ப்பை சுருங்க முடியாமல் போய், மறுபடி சொட்டுச் சொட்டாக வரும். வேண்டாம். இந்த அரிப்புக்கென்று கொலஸ்டைரமின் என்ற பொடி இருக்கிறது, டாக்டர் எழுதித் தந்தால் பயன்படும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ நாலு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் பொடி பிடித்துக்கொள்ளும். அதுவரை தேங்காய் எண்ணெய் தடவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கம்பளி நேராக உடம்பில் படாமல் உள்ளே பருத்திச் சட்டை போடச் சொல்லுங்கள்.

குளிக்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் சிவக்கும் அளவுக்குக் கொதிக்கும் வெந்நீரில் குளிப்பது மலைக்காரர்களுக்கு ஒரு சுகம், எனக்கும்தான். ஆனால் சூடு அரிப்பைக் கிளப்பும். ரத்தக் குழாய்களையும் விரித்துவிடும், மாத்திரையோடு சேர்ந்து ஆளைச் சாய்க்கும். வெதுவெதுப்பாக, முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்திலேயே ஒரு மூத்திரப் பாட்டில் வைத்துவிட்டால் விடியற்காலை நடையே மிச்சம்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், அவர் ஒன்றும் ஊர் பேர் தெரியாத செடியைப் பிடுங்கிவரவில்லை. 1988-இல் சென்னைப் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் கீழாநெல்லி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் தங்கியவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஊரே கொண்டாடியது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த வெற்றி திரும்ப வரவில்லை. மனிதர்களிடம் செய்து, உலகின் பெரிய இதழில் வந்த ஆய்வுக்கே இந்தக் கதி என்றால், நூல் கட்டிய எலியை நம்பி மாத்திரையைத் தூக்கிப்போடலாமா என்று அண்ணனிடம் கேளுங்கள். அவருக்கு இந்த உதாரணம் பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது.

அது வைரஸ் காமாலைக்கான ஆய்வு. நாளத்தில் கல் உட்கார்ந்திருந்தால் எந்தக் கீரையும் அதை நகர்த்தாது. கீழாநெல்லியைவிட, அதைக் கொடுத்துக்கொண்டே "இன்னும் ஒரு மண்டலம் பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் எனக்குப் பயம். அப்படி மூன்று மாதம் காத்திருந்துவிட்டு வந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். கணையத்தில் இருந்த கட்டி, முதல் மாதமே வந்திருந்தால் அறுவைக்குத் தகுந்ததாக இருந்திருக்கும். ஸ்கேன் முடிந்து காரணம் தெரியும்வரை எல்லா மூலிகையையும் நிறுத்தி வையுங்கள், முக்கியமாகச் சீந்தில் கொடி இருந்தால். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று அதைக் குடித்துச் சிலருக்கு ஈரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மோர் கொடுக்கலாம். இஞ்சியும் சாப்பாட்டு அளவில் இருக்கட்டும்.

பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேராது. அதில் வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறைய நேரமாகும். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு ஏதாவது பார்த்தீர்களா? எப்படியும் ஸ்கேனோடு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையும், வைரஸ் பரிசோதனைகளும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மலத்தின் நிறத்தையும் பாருங்கள், களிமண் போல வெளுத்திருந்தால் டாக்டரிடம் அதையே முதலில் சொல்ல வேண்டும். அப்பா சாயங்காலம் கொஞ்சம் போடுகிறவர் என்றால் அதையும் மறைக்காதீர்கள். நான் கேட்கவில்லை, ஆனால் அங்கே கேட்பார்கள்.

கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது கண்புரை ஆபரேஷனுக்கு முகாமில் பெயர் கொடுத்தால், டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழித் திரையையும் அது தளர்த்திவிடுகிறது, ஆபரேஷன் நடுவில் திரை துவண்டு வரும். 2005-இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. முன்பே தெரிந்தால் அதற்குத் தக்கபடி தயாராகிக்கொள்வார்கள்.

ஸ்கேன் காகிதத்தில் பொதுப் பித்த நாளத்தின் அகலம் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். அந்த எண்ணையும், படுத்தும் நின்றும் எடுத்த பிரஷரையும் எனக்கு எழுதுங்கள். ஸ்கேன் நாளன்று அண்ணனை வண்டியோடு வரச் சொல்லுங்கள். நாளம் வீங்கியிருந்தால் அன்றைக்கே மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிவிடலாம்.